சங்கிலியில் அடுத்த குரல்

தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. கிளட்ச் அக்கா என்றால்தான் தெரியும். ஒரே ஒரு வெள்ளைக் காரை வைத்துக்கொண்டு, பெண்களுக்கு மட்டும் வண்டி ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி ஒன்றை நடத்தினாள். "கிளட்ச்! கிளட்சை மிதி!" என்று அவள் போடும் சத்தம் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்தச் சத்தத்துக்குப் பயந்தே பாதிப் பேர் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

அந்த வட்டாரத்துப் பெண்கள் சங்கத்தில் அவள் துணைத்தலைவி. தலைவி, தபாலம்மா. ஊர் முழுக்க நடந்தே தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகன் கடல் தாண்டி வேலையில் இருந்தான். தன் பழைய ரூட்டில் இருந்த தெருப்பெயர்களையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பிப்பது அவளுடைய விளையாட்டு. கூட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் ஒருமுறை ஒப்பித்துக் காட்டிவிட்டு, "உங்களால முடியுமா?" என்று இடுப்பில் கைவைத்துக் கேட்பாள்.

இருவரும் நகமும் சதையுமாக இருந்தவர்கள். தொற்றுநோய் பரவுகிறது என்ற செய்தி வந்த நாட்களில்தான் முட்டிக்கொண்டது. இரும்புக்கடைக்கு மேலே இருந்த மாடி அறையில் சங்கம் சனிக்கிழமைதோறும் கூடும். இனிக் கூடவேண்டாம், ஒரே அறையில் இத்தனை பேர் மூச்சு விடுவது ஆபத்து என்றாள் கிளட்ச் அக்கா. வீட்டில் அவள் புருஷனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து தையல்கூடச் சரியாக ஆறவில்லை. அந்தப் பயம் அவளுக்கு.

"உனக்கு பிரேக் போட மட்டும்தான் தெரியும்" என்றாள் தபாலம்மா, எல்லோர் முன்னிலும்.

"ரிட்டையர் ஆனப்புறமும் எல்லார் தலைலயும் முத்திரை குத்திட்டே இருக்கணுமாக்கா உங்களுக்கு?" என்று இவள் திருப்பிக் கொடுத்தாள்.

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. அந்த வாரமே அரசாங்கம் ஊரை அடைத்துவிட்டது. கூட்டமும் நின்றது, இவர்கள் பேச்சும் நின்றது.

சங்கத்தைச் சாகவிடாமல் பிடித்து வைத்தவள் செயலாளரான மருந்துக்கடைக்காரி. செல்போன் குழு ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் பூப்படமும் புரளியும்தான் வந்து குவிந்தன. "மெசேஜ்ல எல்லாருமே நல்லாத்தான் இருப்பாங்க. குரலைக் கேட்டாத்தான் நிஜம் தெரியும்" என்றாள் அவள். காலையில் ஒருத்தி அடுத்தவளைக் கூப்பிட வேண்டும், அவள் அதற்கடுத்தவளை. கடைசிக் குரல் சுற்றி மருந்துக்கடைக்கே வந்து சேரவேண்டும். வராவிட்டால் எங்கே அறுந்தது என்று தேடவேண்டும். யாருக்கு யார் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். கிளட்ச் அக்காவுக்கு விழுந்தது தபாலம்மா.

"வேற சீட்டு எடும்மா."

"சங்கிலியில போய் உங்க சண்டையைப் பாக்க முடியுமாக்கா? கூப்பிடுங்க, கேளுங்க, வைங்க."

அப்படியே நடந்தது. காலையில் இவள் கூப்பிடுவாள். "இருக்கீங்களா?" "இருக்கேன்." டொக். வேறு ஒரு சொல் கிடையாது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு. சங்கிலியில் மற்றவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள், குழம்பில் உப்புக் கூடிப்போனதைச் சொன்னார்கள். முகமூடி தைத்தார்கள், காய்ச்சல்காரர் வீட்டுக் கதவுப் பிடியில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டு வந்தார்கள். இந்த இரண்டு பேருக்கு நடுவில் மட்டும் ஒரு சொல்தான் போய்வந்தது.

ஒரு நாள் காலை மணி நெடுநேரம் அடித்த பிறகுதான் தபாலம்மா எடுத்தாள்.

"இருக்கீங்களா?"

"இரு... க்கேன்மா."

டொக்.

கிளட்ச் அக்கா போனைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். சொல் நடுவில் முறிந்தது ஒரு பக்கம். அந்த 'மா' இன்னொரு பக்கம். சண்டைக்குப் பிறகு அந்த வாயிலிருந்து ஒரு 'மா' வந்ததில்லை. ரோஷக்காரி. அவளுக்கு உடம்பில் திராணி இருந்தால் அது வந்திருக்காது.

"என்ன, இருக்கேன்னு சொல்லிட்டாங்கல்ல?" என்றான் கட்டிலில் சாய்ந்திருந்த புருஷன்.

"சொன்னாங்க. ஆனா சரியில்லைங்க."

திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு தடவை. எடுக்கவில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு செருப்பில் கால் நுழைந்ததும் நுழையாததுமாக ஓடினாள். வழியில் மருந்துக்கடையில் சொல்ல, செயலாளர் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவியோடு பின்னால் வந்தாள்.

தபாலம்மா கதவைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"சளிதான். போங்க. ஆம்புலன்ஸ் கீம்புலன்ஸ்னு... வாசல்ல வந்து நின்னா... நாளைக்கு இந்தத் தெருவுல யாரும்... என் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

கருவியைக் கம்பிக்குள் நீட்டினார்கள். விரலில் மாட்டிக் குனிந்து பார்த்தவள், "தொண்ணூத்தெட்டு" என்றாள். காட்டச் சொன்னால் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

மருந்துக்கடைக்காரி கெஞ்சினாள். கிளட்ச் அக்காவுக்குக் கெஞ்ச வராது. ஜன்னலுக்கு இரண்டடி தள்ளி நின்று, "அக்கா, உங்க ரூட்டைச் சொல்லுங்க. ஒரே மூச்சுல சொல்லிட்டீங்கன்னா நாங்க திரும்பிப் பாக்காம போயிடறோம்" என்றாள்.

தபாலம்மா அவளை முறைத்தாள். பிறகு நிமிர்ந்து நின்று தொடங்கினாள். முதல் தெரு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் வந்தது கோபமா அழுகையா என்று சொல்ல முடியாது. விரலில் இருந்த கருவி இப்போது வெளியே தெரிந்தது. எண்பத்தொன்று.

"கதவைத் திறங்கக்கா" என்றாள் கிளட்ச் அக்கா. தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால், வண்டி எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். இனி இருந்தது வெள்ளைக் கார் ஒன்றுதான்.

சாவி எடுக்க வீட்டுக்கு வந்தபோது புருஷன் வாசற்படியில் நின்றிருந்தான். "நீயே ஊருக்கெல்லாம் எட்டி நில்லு, எட்டி நில்லுன்னு சொன்னவ. இப்ப நீயே அவங்களைக் கார்ல ஏத்துவியா? என் நெஞ்சை அறுத்துத் தைச்சு எத்தனை நாளாச்சு? நான் என்ன ஆவேன்னு யோசிச்சியா?"

அவன் கேட்டது நியாயம். அது அவளுக்கும் தெரியும்.

"யோசிச்சேங்க. திரும்பி இங்க வரமாட்டேன். சங்கத்து மாடியில தங்கிக்கறேன். சாவியைத் தூக்கிப் போடுங்க."

அவன் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவள் காலடியில் எறிந்தான். கதவைச் சாத்திக்கொண்டான்.

கார் கிளம்பவில்லை. வாரக்கணக்கில் நின்ற வண்டி. பேட்டரி செத்துக் கிடந்தது. சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரி கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பின் சீட்டில் ஏற்றிவிட்ட தபாலம்மா மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

கிளட்ச் அக்கா இறங்கி நடுத்தெருவில் நின்று கத்தினாள். "யாராவது வாங்க! வண்டியைத் தள்ளணும்!"

ஜன்னல்கள் திறந்தன. முகங்கள் தெரிந்தன. யாரும் வரவில்லை. பின் சீட்டில் இருப்பது யார், என்ன என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. உயிர்ப்பயம் யாரைத்தான் விட்டது?

முதலில் வெளியே வந்தவள் சலவைக்கடைக்காரி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, "நானும் சங்கம்தான்கா" என்று வந்து டிக்கியில் கைவைத்தாள். மருந்துக்கடைக்காரி அவள் பக்கத்தில் சேர்ந்தாள். பிறகு எதிர்வீட்டுக்காரி, அவள் மகள். கார் அசைந்தது, உருண்டது. கிளட்ச் அக்கா கிளட்சை மிதித்துப் பிடித்திருந்து, வேகம் வந்ததும் விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி இருமியது, பிடித்துக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் கைதட்டவில்லை. மூச்சு வாங்க நின்றார்கள்.

எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு ஓட்டினாள். தெருமுனைத் தடுப்பில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டிக்கொண்டே வந்தவர், பின் சீட்டைப் பார்த்ததும் தடுப்பை இழுத்து வழிவிட்டார். போன் ஸ்பீக்கரில் மருந்துக்கடைக்காரி இருந்தாள். சங்கத்தில் ஆளுக்கொரு ஆஸ்பத்திரியாகப் பிரித்துக்கொண்டு எல்லோரும் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் வாசலிலேயே காவலாளி கையை விரித்தார். "உள்ள தரையில கூட இடமில்லம்மா. என் மேல கோபப்பட்டு என்ன பிரயோஜனம்?" வண்டியை அணைக்கவும் பயம், அணைத்தால் திரும்பக் கிளம்பாது. எஞ்சினை ஓடவிட்டபடியே வாசலில் நின்றாள். கண்ணாடியில் பார்த்தாள். தபாலம்மாவின் தலை சரிந்துகொண்டிருந்தது.

"அக்கா! கண்ணைத் திறங்க! என்னைத் திட்டுங்க! எதையாவது சொல்லித் திட்டுங்க!"

தபாலம்மா திட்டவில்லை. உதடு லேசாக நெளிந்தது.

போனில் மருந்துக்கடைக்காரியின் குரல் உயர்ந்தது. "அக்கா, கிடைச்சிருச்சு! பாலம் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்க போங்க. நம்ம வாயில்லாப்பூச்சி பிடிச்சிட்டா!"

வாயில்லாப்பூச்சி என்று அவர்கள் சொன்ன பெண் கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. வருவாள், ஓரத்தில் உட்காருவாள், போவாள். அவள் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, இடமில்லை என்றதும், "சரிங்க, வெச்சிடாதீங்க. காலியானதும் சொல்லுங்க, நான் இப்படியே லைன்ல இருக்கேன்" என்றிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் திட்டியும் இவள் போனை வைக்கவில்லை. அவர்கள் வைத்தால் மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். கடைசியில் ஒரு நோயாளி குணமாகி வீட்டுக்குப் போக, அந்தப் படுக்கைக்கு இவள்தான் வரிசையில் முதல் ஆளாக இருந்தாள்.

பாலத்தில் கார் பறந்தது. தள்ளுநாற்காலியோடு இருவர் வாசலிலேயே காத்திருந்தார்கள். தபாலம்மாவைத் தூக்கி வைத்து, மூக்கில் குழாயைப் பொருத்தி, கண் மூடித் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். கிளட்ச் அக்கா வண்டியைத் திருப்பினாள்.

சங்கத்து மாடியில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்தாள். சாப்பாட்டை யாராவது படிக்கட்டின் அடியில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல சொல் எதுவும் வரவில்லை. மூச்சுவிட இயந்திரம் வைத்திருக்கிறோம், பார்க்கலாம் என்றார்கள்.

ஒரு காலை தொண்டை கரகரத்தது. மதியத்துக்குள் உடம்பு காய்ந்தது. மறுநாள் சங்கிலியில் அவளுக்கு வந்த அழைப்பை எடுத்தபோது, "நல்லாத்தான் இருக்கேன்" என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் யாரும் பயப்பட மாட்டார்கள். புருஷன் காதுக்கும் போகாது. ஜன்னலில் நின்று தொண்ணூத்தெட்டு என்றவளின் மனசு அந்த நொடி அவளுக்கு விளங்கியது. எச்சிலை விழுங்கிவிட்டு, "காய்ச்சல் அடிக்குதும்மா" என்றாள்.

அன்றே புருஷன் கூப்பிட்டான். அவள் மாடிக்கு வந்த நாளாக அவன் பேசவில்லை.

"மூச்சு எப்படி?"

"சீராத்தான் இருக்கு. உங்களுக்கு?"

"எனக்கென்ன கேடு. கோபம்தான் இன்னும் ஆறல. உங்க சங்கிலியில உன்னைக் கூப்பிடற முறையை எனக்குக் குடுக்கச் சொல்லிட்டேன். இனிமே காலையில நான்தான் கூப்பிடுவேன்."

"ஆம்பளைக்கு சங்கத்துல இடமில்லைங்க."

"அதையெல்லாம் செயலாளர்கிட்டப் பேசி முடிச்சாச்சு. நீ மாத்திரையைப் போட்டுட்டுப் படு."

அவளுக்கு வந்தது லேசாக வந்து போய்விட்டது. அவனை அது தொடவேயில்லை. வாசலில் அவள் வந்து நின்ற அன்று அவன் அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டான்.

தபாலம்மா மாதம் தாண்டித்தான் வெளியே வந்தாள். பாதி ஆளாக வந்தாள். கூட்டிவரப் போன கிளட்ச் அக்காவிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை, "அந்தப் பாலத்து மேட்டுல கொஞ்சம் மெதுவா போயிருக்கலாம். இடுப்பு இன்னும் வலிக்குது." பிறகு வீடு வரும்வரை கிளட்ச் அக்காவின் கையை விடவில்லை. கியர் மாற்றும்போது மட்டும் விட்டாள்.

எல்லாமே நல்லபடியாக முடிந்துவிடவில்லை. அடுத்த அலையில் சலவைக்கடைக்காரி போய்விட்டாள். டிக்கியில் முதலில் கைவைத்தவள். காய்ச்சல் என்று காலையில் சொன்னவளுக்கு மறுநாள் காலை இல்லை. அவளைத் தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரி பல நாள் போனைக் கையில் எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். பிறகு மருந்துக்கடைக்காரி வந்து, சலவைக்கடைக்காரி யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளோ அவளை இனி நீ கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கூப்பிட்டாள். இரண்டு பேரும் பேசாமல் அழுதார்கள். சங்கிலி மறுபடி சேர்ந்தது.

ஊர் திறந்தபோது தபாலம்மாவால் மாடி ஏற முடியவில்லை. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. ஊரை நடந்தே அளந்தவளுக்கு அது சாவைவிடக் கொடுமை. சில வாரம் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தாள். ஒரு காலை அவளே போன் செய்தாள்.

"நடக்க முடியாதவ ஓட்டலாம்ல?"

"ஓட்டலாம்க்கா. ஆனா நான் சத்தம் போடுவேன்."

"போடு. நானும் போடுவேன்."

கூட்டம் இரும்புக்கடைக்கு முன்னாலேயே, தெருவில் நாற்காலி போட்டு நடக்கத் தொடங்கியது. சனிக்கிழமைகளில் தபாலம்மா தானே வண்டியை ஓட்டி வருவாள். பக்கத்து சீட்டில் கிளட்ச் அக்கா கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வண்டி வருவதற்கு முன்னாலேயே இருவரும் சண்டை போடும் சத்தம் தெருவுக்குள் வந்துவிடும். வாயில்லாப்பூச்சி எழுந்து நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போடுவாள்.