எண் இல்லாத வசனங்கள்

எங்கள் சபையில் யாருக்காவது ஒரு வசனம் பாதி நினைவிருந்து மீதி மறந்துபோனால் என்னிடம்தான் வருவார்கள். எந்தப் புத்தகம், எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம் என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் இருபது வருடமாக டீச்சராக இருக்கிறேன். சிறுவயதில் மனப்பாடப் போட்டிகளில் வாங்கிய எவர்சில்வர் தட்டுகளில்தான் இன்னும் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறோம். வசனம் என்றால் நான் என்ற அந்தப் பெயரை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது என்று நினைத்திருந்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன் செம்மநத்தத்திலிருந்து ஒரு பெண்மணி பக்கத்தில் இருக்கும் கிளியூருக்குக் குடிவந்தார். காபி எஸ்டேட்டில் வேலை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்வார். ஜெபக்கூட்டத்தில் பேசச் சொன்னால் தயங்காமல் பேசுவார். ஆனால் ஒருநாளும் அதிகாரம் சொன்னதில்லை. "வேதத்துல ஒரு எடத்துல சொல்லியிருக்குதுங்க" என்றுதான் ஆரம்பிப்பார். முதலில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு சாவு வீட்டோடு போயிற்று. டிசம்பர் மாதம், காபிப் பழம் பறிக்கும் சமயம். ஏரிப் பக்கம் கடை வைத்திருந்தவர் திடீரென்று இறந்துவிட்டார். அவர் மனைவி அழவும் இல்லை, வாய் திறக்கவும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பொருத்தமான ஒரு சங்கீதத்தை ஓர் எழுத்துப் பிசகாமல் எண்ணோடு சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். அவ்வளவுதான். சற்று நேரத்தில் அந்தக் கிளியூர்ப் பெண்மணி எஸ்டேட்டிலிருந்து நேராக, விரலில் பழக் கறையோடு வந்தார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வழக்கம்போல "ஒரு எடத்துல" என்று எதையோ சொன்னார். அந்த அம்மா அவர் தோளில் விழுந்து ஓவென்று அழுதார். சுற்றி இருந்தவர்களும் அழுதார்கள். நான் மட்டும் அவர் சொன்னது எந்த அதிகாரம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல் வேதாகமத்தைப் புரட்டினேன். முதல் பாதி சங்கீதப் புத்தகத்தில் இருந்தது. இரண்டாம் பாதி ஒரு தீர்க்கதரிசியின் புத்தகத்தில். நடுவில் இரண்டு வார்த்தைகள் எங்கேயும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு நோட்டு எடுத்துக் குறித்து வைத்தேன். அதன்பிறகு ஞாயிறுதோறும் அவர் பேசப் பேச மனதில் வாங்கிக்கொண்டு வந்து குறித்தேன். ஏப்ரலில் நோட்டை எடுத்துக்கொண்டு போதகரிடம் போனேன்.

"குறை சொல்றதுக்காக இல்லீங்க ஐயா. சின்னப் பிள்ளைங்க தப்புத்தப்பா மனப்பாடம் பண்ணிக்குவாங்களேன்னுதான்."

போதகர் ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "அடுத்த மாச வேதபாடத்தை நீங்களே எடுங்க டீச்சர். ஆதித் திருச்சபையில எழுதுனவங்க வசனங்களை எப்படி எடுத்தாண்டாங்கன்னு பேசுங்க" என்று சொல்லித் தடியான புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். என் துல்லியத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்து வாங்கி வந்தேன்.

மே விடுமுறையில், சீசனுக்கு வந்த சுற்றுலாக் கார்கள் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, அதைப் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சல் ஏறியது. அவர்கள் காலத்தில் வேதம் சுருள்களாகவும் கையால் எழுதிய ஏடுகளாகவும் இருந்தது. ஒரு வரியைத் தேடச் சுருளை முழம் முழமாக விரிக்க வேண்டும். அதனால் பலரும் நினைவிலிருந்தே எழுதினார்கள். வார்த்தைகள் மாறின. இரண்டு தீர்க்கதரிசிகளின் வரிகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. ஒருவர் சொன்னது இன்னொருவர் பெயரில் போயிற்று. அதிகார எண்களோ, அவர்கள் இறந்து பல நூறு வருடங்களுக்குப் பிறகு வந்தவை. அவர்களிலும் சிலர் 'ஓரிடத்தில் சொல்லியிருக்கிறது' என்றே எழுதியிருந்தார்கள்! கிளியூர்க்காரருக்கு இப்படி ஒரு பரம்பரை இருக்கும் என்று நான் கண்டேனா?

ஆனால் எனக்கும் ஓர் ஆள் கிடைத்தார். பல பிரதிகளைப் பக்கம் பக்கமாக வைத்து, வார்த்தைக்கு வார்த்தை ஒப்பிட்டுப் பார்த்த அறிஞர். அவரைப் பற்றி மட்டுமே பேசுவது, மற்றதைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தேன். அப்படியே இருபது நிமிடம் பேசினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடிக்கப் போகும்போது கடைசி பெஞ்சிலிருந்து அவர் எழுந்தார்.

"ஏனுங்க டீச்சர், பொஸ்தகம் கையில இல்லாதவங்க அப்ப என்னங்க பண்ணுனாங்க?"

போதகர் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஞாபகத்துல இருந்து சொன்னாங்க" என்றேன்.

"தப்பு வராதுங்களா?"

"வந்துச்சு. நெறையவே வந்துச்சு. அப்படி அவங்க எழுதுனதைத்தான் இன்னிக்கும் எல்லாரும் படிக்கிறாங்க."

கூட்டம் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தது, அன்பாக. இருபது நிமிடத்தில் என்னைப் பார்த்து ஒருவரும் அப்படிச் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அவர் என்னிடம் ஓடிவந்தார். "நொம்ப நல்லா சொன்னீங்க. எனக்குக் கண்ணாடி போட்டாலும் எழுத்து மசங்குதுங்க. நாளைக்குக் கிளியூர்ல கால் ஒடிஞ்சு கெடக்கறவங்க ஊட்டுக்குப் போறேன். கூட வர்றீங்களா? நீங்க பார்த்துப் படிச்சா திருத்தமா இருக்கும்."

மறுக்கக் காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. போனேன். அதன்பிறகு பல வீடுகளுக்கு இருவருமாகப் போயிருக்கிறோம். நான் படிப்பேன், அவர் பேசுவார். வீட்டுக்காரர்கள் எனக்கு நாற்காலி போடுவார்கள். அழும்போது அவர் பக்கம்தான் சாய்வார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குள் சுருக்கென்று குத்தும்.

போன வாரம் ஒரு வீட்டில் அவர், "வேதத்துல ஒரு எடத்துல சொல்லியிருக்குது, அழுத கண்ணுக்குத்தான் அவரு மொதல்ல தெரிவாராமா" என்றார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. மூன்று நாள் தேடினேன். எங்கேயும் இல்லை. கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"தெரியலீங்களே டீச்சர். நெசமாவே இல்லீங்களா?" என்று பதறினார். "அப்ப இனிமே சொல்லக்கூடாதுங்களா?"

"சொல்லுங்க. வேதத்துல இருக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு பஸ் ஏறப் போனார். அந்த வரி எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே நான் வீட்டுக்கு நடந்தேன்.