அம்மா சொன்ன பெரட்டு நம்பர்

பதுளையில் போன் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். என் மேசைக்கு வரும் போன்களை மனதுக்குள் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: தானாக உடைந்தவை, அப்பாமார் உடைத்தவை. இரண்டாவது வகைக்குப் பின்னால் பெரும்பாலும் அழுத முகத்தோடு ஒரு பதின்வயதுப் பிள்ளை நிற்கும்.

நமுனுகுலப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசை வீட்டிலும் அப்படியொன்று உடையவிருந்தது. கீழ் லயத்துப் பிள்ளை ஒருத்தியின் முகத்தை யாரோ வேறொரு படத்தில் ஒட்டி அனுப்பியதில், அவள் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து அப்பா ஒரே பேச்சு: "நம்ம வீட்டுல இப்படி ஏதாச்சும் வந்துச்சு, போன் ஆத்துல போகும்." மூத்தவள் நான்; தங்கை பதினோராம் வகுப்பின் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாடக் குறிப்பெல்லாம் அம்மாவின் போனில், வாட்ஸ்அப்பில்தான் வரும். அது ஆற்றில் போனால் அவள் படிப்பும் கூடவே போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது அந்த அழைப்பு வந்தது. அம்மா கிழங்கு உரித்தபடி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, பிள்ளைய பரீட்சை குரூப்புல சேக்குறோம். இப்ப ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க."

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும்போதும், மாலையில் கொழுந்து நிறுக்கும்போதும் கேட்கிற அதே அதட்டல் அவன் குரலில். யோசிக்காமல் சொன்னார்: "நூத்தி நாப்பத்தேழு."

"என்னம்மா அது?"

"என் பெரட்டு நம்பருங்க. செக்ரோல்ல, பேர் பதியிற புத்தகத்துல பாருங்க, இருக்கும்."

"அதில்லம்மா. போன்ல வந்தது. ஆறு இலக்கம்."

"ஆறா? எங்க தோட்டத்துல அவ்வளவு பேரு இல்லீங்களே."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த ஆறு இலக்கச் செய்தி திரையில் வந்து நின்றுகொண்டிருந்தது. அம்மா கண்ணைச் சுருக்கி முதல் இலக்கத்தை வாசிக்க வாயெடுக்கவும் நான் பாய்ந்து அழைப்பைத் துண்டித்தேன். அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் எங்கள் வாட்ஸ்அப் கணக்கு அவன் கைக்குப் போயிருக்கும். தங்கை பேசுவதுபோல வகுப்புப் பிள்ளைகள் எல்லோரிடமும் பேசியிருப்பான்.

சத்தம் கேட்டு அப்பா தோட்டத்துக் கத்தியோடு உள்ளே வந்தார். "பாத்தியா? கொண்டா போன."

தங்கை என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள், கொடுக்கவில்லை. "அப்பா, அவன் கேட்டது அம்மாகிட்ட. சொல்லப் போனதும் அம்மா. நான் என்ன செஞ்சேன்?"

"ஆமா, நான்தான்," என்றார் அம்மா. "என்னையும் சேத்து ஆத்துல போடுங்க."

அப்பா கத்தியை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். இதுதான் சமயம் என்று நான் கேட்டேன்: "புல்லுக்கு அடிக்கிற மருந்த சோடா போத்தல்ல ஊத்தி வைக்க விட மாட்டீங்களே, ஏம்ப்பா?"

"பாத்தா குடிக்கிற சாமான் மாதிரி இருக்கும். யாராச்சும் எடுத்துக் குடிச்சிருவீங்க."

"இதுவும் அப்படித்தான். பாத்தா வெறும் நம்பர். ஆனா வீட்டுச் சாவி."

"அப்ப சாவிய மாத்து," என்றார்.

மாற்றினோம். கணக்குக்கு இரண்டாவதாக ஒரு ரகசிய எண் போட்டேன். தெரியாதவர்கள் எங்களைக் குழுக்களில் சேர்க்க முடியாதபடி, தங்கையின் படத்தைப் பார்க்க முடியாதபடி அமைத்தேன். பிறகு ஒத்திகை. தங்கை அப்பாவின் போனோடு அடுப்பெரியும் குசினிக்குப் பின்னால் போய்க் கரகரத்த குரலில் பேசினாள்: "கொழும்பு ஆபிஸ்ல இருந்து பேசுறேன். நம்பர் சொல்லுங்க."

"மொதல்ல ஒன் நம்பர சொல்லுடா," என்றார் அம்மா. "இன்னைக்கு வேலைக்கு வந்தியா இல்லையான்னு பாப்போம்."

அப்பாவே சிரித்துவிட்டார். எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல இருந்தது. கடையில் எத்தனையோ பெற்றோருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். யாரும் இப்படி விளையாடிப் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்போடுதான் தங்கை உள்ளே வந்தாள். வந்தவள் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

"இன்னொன்னு இருக்கு. தெரியாத ஒருத்தன் என் போட்டோ கேட்டுக்கிட்டே இருக்கான். நான் அனுப்பல. சொன்னா போன் போயிரும்னு சொல்லல."

அப்பா கையை நீட்டினார். போச்சு என்று நினைத்தேன். அவர் போனைத் தள்ளிப் பிடித்து, உதடுகள் அசைய ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"இத வச்சுக்கிட்டா இத்தன நாளு தனியா இருந்த?"

போனை என்னிடம் தரவில்லை. அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "அக்கா சொல்றபடி செய். நான் இங்கதான் இருக்கேன்."

நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். முதலில் அந்தச் செய்திகளைப் படம் பிடித்து வைத்தாள், பிறகு வாட்ஸ்அப்புக்கு முறைப்பாடு அனுப்பினாள், கடைசியாக அவனைத் தடுத்தாள்.

"நாளைக்கு நான் வேலைக்குப் போகல," என்றார் அப்பா. "பள்ளிக்கூடத்துக்கு வாறேன். டீச்சர்கிட்ட இதக் காட்டணும்."

"அப்ப நேரத்தோட எந்திரிங்க," என்றாள் தங்கை. "ஒங்களுக்காக பஸ்ஸு நிக்காது."