கை வைத்தால் எரியும் கிண்ணங்கள்

விருத்தாசலம் பக்கத்தில் திருவிழா என்றால் சீரியல் செட் கட்டக் கொளஞ்சியைத்தான் கூப்பிடுவார்கள். மூங்கில் தட்டியில் பல்புகளைக் கோத்து மயிலை ஆட வைப்பார். தேரை ஓட வைப்பார்.

2006-இல் பீங்கான் பட்டறைக்காரர்கள் சேர்ந்து ஊரில் ஒரு பொருட்காட்சி நடத்தினார்கள். அதை முன்நின்று நடத்திய நந்தகுமார், "வர்றவங்க சும்மா பாத்துட்டுப் போவக்கூடாது கொளஞ்சி. கை வச்சி வெளையாடுற மாதிரி ஏதாவது செஞ்சி குடு" என்றார்.

அந்தப் பேச்சு கொளஞ்சியின் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. மனைவி சிந்தாமணி ஒரு பட்டறையில் அச்சில் கிண்ணம் வார்ப்பவள். அந்தக் கிண்ணத்தை வெயிலில் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் நிழலாகத் தெரியும்; அவ்வளவு மெல்லிசு. சூளையில் கோணிப்போய்க் கழித்துக் கட்டிய கிண்ணங்களை அவளைக் கொண்டுவரச் சொன்னார். அவற்றைப் பலகையில் கவிழ்த்துப் பதித்து, உள்ளே எல்.இ.டி. வைத்தார். ஒவ்வொன்றின் கீழும் மிளகளவு சென்சார். கையின் நிழல் விழுந்தால் கிண்ணம் எரியும். எடுத்தால் மெல்ல மெல்ல அணையும்.

முதல்முறை சோதித்தபோது, சுற்றிய ஃபேனின் நிழலுக்கே பலகை முழுக்கப் படபடத்தது. சிந்தாமணி விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்ம வூட்டு ஃபேனுக்கு நல்லா வெளையாடத் தெரியுதுங்க!"

அதையெல்லாம் சரிசெய்து பொருட்காட்சி வாசலில் வைத்தார். கூட்டம் வந்தது. ஆனால் பலகை எரியவில்லை. கடைக்குக் கடை 'பொருட்களைத் தொடாதீர்கள்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்து, சனம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றது.

"கை வைங்க, ஒண்ணும் ஆவாது" என்று கொளஞ்சி கெஞ்சினார்.

"ஷாக் அடிச்சா? இல்ல, ஒடஞ்சி கிடஞ்சி போனா?" என்று கேட்டு நகர்ந்தார் மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர்.

எத்தனை திருவிழாவில் கொளஞ்சியே தொண்டை வறளக் கத்தியிருக்கிறார், கிட்ட வராதீங்க, ஷாக் அடிக்கும் என்று! விலகி நிற்கச் சொல்லியே பழகிய நாக்கு. வா என்று அழைக்கும்போது அதில் யாருக்கும் நம்பிக்கை வரவில்லையோ என்று தோன்றியது.

சாயங்காலம் வேலை முடிந்து சிந்தாமணியும் பட்டறைப் பெண்களும் வந்தார்கள். அவர்களில் ஒருத்தியான ஆராயி பலகையைக் கண்டதும் நின்றாள்.

"ஏ, இது நம்ம கிண்ணமாச்சே! கோணலுன்னு தூக்கிப் போட்டோமே!"

சொல்லிக்கொண்டே உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். கிண்ணம் நிலாப்போல வெளுத்து எரிந்தது. மண் காய்ந்து வெடித்திருந்த அவள் விரல்களில் வெளிச்சம் பரவியது. கையை எடுத்தாள், அணைவதைப் பார்த்தாள், மறுபடி வைத்தாள். அவ்வளவுதான், மற்றப் பெண்களும் நெருங்கினார்கள். அவர்களைப் பார்த்து ஊரே கை நீட்டியது. தள்ளுமுள்ளில் ஒரு கிண்ணம் உடையவும் செய்தது. கொளஞ்சி சில்லுகளைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார். யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீடு திரும்பும்போது சிந்தாமணி கேட்டாள்: "கடைசியில எல்லா கிண்ணமும் ஒண்ணா எரிஞ்சிச்சே, பாத்தீங்களா?"

"இல்ல புள்ள. நான் அவங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."