ஒன்றுபோலிருந்த இரண்டு ரப்பர்கள்

கைகள் பழைய கறுப்பு ரப்பரை மட்டையிலிருந்து பதமாக உரித்துக்கொண்டிருந்தன. சீனாவின் ஷென்யாங் நகரில், டேபிள் டென்னிஸ் ஆட்டக்கூடத்தில் மட்டைக்கு ரப்பர் ஒட்டும் லுவோவின் கைகள். மறுநாள் மாகாண அணித் தேர்வு. ஆட்டக்காரி ஃபெங்யிங் இரண்டு புது ரப்பர்களை நீட்டினாள். பார்வைக்கு வித்தியாசமே இல்லை. ஆனால் ஒன்று கவிழ்த்தாலும் பந்தைப் பிடித்துக்கொண்டது, மற்றது நழுவவிட்டது.

"ஒட்டுறதையே போடுங்கண்ணே."

"பந்தைப் பிடிச்சு வச்சு அடைகாக்கப் போறியாம்மா?"

லுவோ அவள் மட்டையிலிருந்து உரித்த ரப்பரை வெளிச்சத்தில் சாய்த்தார். நடுப்பகுதி மட்டும் மங்கி, நுனி புதிதாகவே இருந்தது.

"நுனி தேயவே இல்ல. நீ உரசி ஆடுறதில்ல, ஓங்கி அறையுற. ஒட்டுற ரப்பர் உன் வேகத்தை முழுங்கிடும். இந்தப் பழசும் ஒட்டுற ரகந்தான்; ஆட்டம் முடிஞ்சா தோள் வலிக்குதில்ல?"

ஃபெங்யிங்கின் கை தானாகத் தோளுக்குப் போனது. அவள் ஆடி அவர் பார்த்ததே இல்லை.

"அப்ப... மத்ததைப் போடுங்க."

வெள்ளைப் பசை நிறமற்றுக் காயும்வரை காத்திருந்து ஒட்டினார், விளிம்பை நறுக்கினார். மட்டையை அவளிடம் நீட்டினார். அவள் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.