வெள்ளிமலை ஷாலினியின் முதல் ஆண்டெனா

வெள்ளிமலையில் பிறந்த ஷாலினிக்குக் கடல் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் கால் நனைத்ததோடு சரி. அப்படிப்பட்டவள் கள்ளக்குறிச்சியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கடலூர் துறைமுகத்தில் படகுகளுக்கு வயர்லெஸ் மாட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி அய்யப்பன் நல்ல மனிதர்தான். ஆனால் அவளைக் கல்லாவை விட்டு எழுப்பவே மாட்டார். நச்சரித்து நச்சரித்துத்தான் ஒரு படகு வேலையை வாங்கினாள்.

“வீரமுத்துவோட போட்டு. நீயே ஆண்டெனா பாத்து எடுத்து மாட்டு. சரியா வந்துச்சின்னா இனிமே போட்டு வேலையெல்லாம் உன்னுது. சொதப்பிட்டா கல்லாவுலயே குந்திக்கினு இரு. இன்னா?”

“செரிங்கண்ணா.”

கடையில் இருந்ததிலேயே நெட்டையான கம்பியைத் தூக்கினாள். மலைக்காரி வேறு எதை எடுப்பாள்? அவள் ஊரில் போனுக்கு சிக்னல் இல்லையென்றால் பாறை மேல் ஏறுவார்கள். டிவி தெரியவில்லையென்றால் மூங்கிலை இன்னும் நீட்டிக் கட்டுவார்கள். நெட்டைக் கம்பி குரலைச் சிதறவிடாமல் ஒரே மட்டமாக வெகுதூரம் தள்ளும் என்று அட்டைப்பெட்டியிலும் போட்டிருந்தது. மாட்டினாள். கரையில் சோதித்தபோது குரல் கணீரென்று இருந்தது.

கடலுக்குப் போய்த் திரும்பிய வீரமுத்து கடை வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா மாட்டிக்கீற? பாதி பேச்சு வருது, பாதி காணாம பூடுது. நடுக்கடல்ல இஞ்சின் நின்னா யாரக் கூப்புடுவேன்? இத்தினி பேரு வூட்டுக்கு நீ பதில் சொல்லுவியா?”

அய்யப்பன் கல்லாப் பக்கம் பார்த்தார். ஷாலினிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“நானும் போட்டுல வரேங்க. பாத்தாத்தான் தெரியும்,” என்றாள்.

பெண்ணைக் கடலுக்குக் கூட்டிப்போவதா என்று வீரமுத்து முகம் சுளித்தார். வேறு வழியில்லாமல் ஏற்றிக்கொண்டார்.

கரை மறைவதற்குள் அவளுக்குக் குடல் வாய்க்கு வந்துவிட்டது. வாந்தி எடுத்துவிட்டு, விளிம்பைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தாள். படகு சாய்ந்தால் கம்பியும் சாய்ந்தது. சாயும்போதெல்லாம் வயர்லெஸ்ஸில் பேச்சு அறுந்தது, நிமிர்ந்தால் ஒட்டிக்கொண்டது. மக்கு, மக்கு என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். மலை ஆடாது, படகு ஆடும்! மட்டமாகப் போகிற குரல், படகு சாய்ந்ததும் ஒரு பக்கம் தண்ணீருக்கும் மறுபக்கம் வானத்துக்கும் போய்விடுகிறது.

மறுநாள் நெட்டையைக் கழற்றிவிட்டு, குரலை மேலும் கீழுமாகப் பரப்புகிற குட்டைக் கம்பியை எடுத்தாள். உயரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கேபினுக்கு மேலிருந்த கம்பத்தின் உச்சிக்கு அவளே ஏறி, மற்ற இரும்பெல்லாம் தள்ளியிருக்கும்படி இறுக்கினாள். உப்புத் தண்ணீர் இறங்காமல் வயர் முனையில் டேப் சுற்றினாள்.

“இத்தினியூண்டு கம்பியா?” என்றார் வீரமுத்து. அவருக்குத் துளியும் நம்பிக்கையில்லை.

“கடல்ல போய்ப் பேசிப் பாப்போங்க.”

கரை மறைந்தது. காற்று ஏறி, படகு தாறுமாறாக ஆடியது. ஷாலினி மைக்கை அழுத்திக் கூப்பிட்டாள். கடை வயர்லெஸ்ஸிலிருந்து அய்யப்பனின் குரல் ஒரு சொல் அறாமல் வந்தது. அதற்குள் கண்ணுக்கெட்டாத இன்னொரு படகின் குரல் குறுக்கே நுழைந்தது.

“யார்ரா அது, பொம்பள கொரலு? இம்மாந் தெளிவா கேக்குது!”

வீரமுத்து சிரித்துக்கொண்டே பதில் சொல்ல மைக்குக்குக் கை நீட்டினார். ஷாலினி தரவில்லை.

“வெள்ளிமலை ஷாலினி பேசறேன். இந்த போட்டுக்கு ஆண்டெனா மாட்டுனது நான்தான்,” என்றாள். “உங்குளுதுதான் கரகரன்னு கீது. கரைக்கு வாங்க, ஏறிப் பாக்கறேன்.”