மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி

எட்டு வயதில் நான் கொஞ்ச நாள் போனாக இருந்தேன். அதுவும் சார்ஜே தீராத போன்.

பெங்களூரில், பீன்யா தொழிற்பேட்டையில் அப்பாவுக்கு இரவு ஷிப்ட், அம்மாவுக்குப் பகலில் கார்மெண்ட்ஸ் வேலை. அப்பா பகலில் தூங்கவேண்டுமென்றால் மூன்று வயதுத் தம்பி சத்தம் போடாமல் இருக்கவேண்டும். அதற்குப் போன் இருந்தது. சோறு ஊட்டவும் அதே போன்தான். அவனைப் போல் சமர்த்துப் பிள்ளை எங்கள் லைன் வீடுகளிலேயே கிடையாது என்று எல்லோரும் மெச்சினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான், ஒரு வார்த்தை பேசமாட்டான் என்பதெல்லாம்கூட சமர்த்துக் கணக்கிலேயே சேர்ந்துவிட்டது.

கடைசியில் கிளினிக்குக்குப் போனோம். காது நன்றாகத்தான் கேட்கிறது, போனை நிறுத்துங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள், பிறகு பார்க்கலாம் என்று டாக்டரம்மா கன்னடத்தில் சொன்னார். வெளியே வந்ததும் அம்மா, "இவன் பேசாமயே இருந்துட்டா என்னடி பண்றது?" என்றாள். என்னைத்தானே கேட்டாள் என்று பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன்.

போன் பீரோவுக்குள் போயிற்று. தம்பி தரையில் முட்டிக்கொண்டு அழுதான், சோற்றைத் தட்டிவிட்டான். பரணில் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி இருந்தது. வீடு மாற்றும்போது வேண்டும் என்று அம்மா அதை யாரையும் தொடவிடமாட்டாள். அதை இறக்கி, ஒரு பக்கத்தில் முகம் தெரியும்படி சதுரமாக வெட்டி, தலையில் கவிழ்த்துக்கொண்டேன். யானையாகப் பிளிறினேன். பஸ் கண்டக்டராகி, எல்லோரையும் முன்னே போகச் சொல்லி "முந்தே ஹோகி" என்று கத்தினேன்.

தம்பி அழுகையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்தான். போனில் செய்வதுபோலவே ஒரு விரலால் என் கன்னத்தைத் தள்ளினான். அடுத்தது வேண்டுமாம். நான் சளைத்தவளா? குரங்கானேன். அவன் தள்ளத் தள்ள ஏதேதோ ஆனேன். அந்தச் சந்தடியில், வேலைக்குக் கிளம்பவேண்டிய அப்பா சோற்றை ஊட்டி முடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் அம்மா வருவதற்குள் பெட்டியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிடுவேன். அப்பாவும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சாயங்காலம், தள்ள வந்த விரல் என் கன்னத்திலேயே நின்றது. தம்பி என் கண்ணையே பார்த்தான். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் கீழே போட்டுவிட்டு, "க்கா" என்றான்.

அன்று சீக்கிரமே வந்துவிட்ட அம்மா, வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். போச்சு! பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"ஒட்டிக் குடுத்துடறேம்மா" என்று சொல்லிவிட்டு, வெட்டிய அட்டையைத் தேடிக் கட்டிலுக்கடியில் நுழைந்தேன்.