லாலா என்று கூப்பிட்டவர்களுக்கு

வசந்தா-தி போய்விட்டார் என்ற செய்தியை எனக்கு அனுப்பியவர் எங்கள் கீழ்வீட்டு பௌதி. காலனியின் வாட்ஸ்அப் குழுவில் மாலை போட்ட படம் ஒன்று வந்தது. அதன் கீழே, அவர் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதியிருந்தது. நான் அப்போது என் மகன் முத்துவின் கழுத்துத் துணிகளை அலசிக்கொண்டிருந்தேன். ஈரக் கையோடு அந்த வரியைப் படித்தேன். சாந்தியாவது! வசந்தா-தியை அறிந்த உங்களில் யாராவது அவரைச் சாந்தமாகப் பார்த்ததுண்டா? இந்த டாலிகஞ்சில் அவர் திட்ட வேண்டியவர்கள் இன்னும் பாக்கி இருக்கிறார்கள். அதுவரை அந்த ஆத்மா எங்கும் போகாது.

அவரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தலைமுறைகளாகக் கல்கத்தாவில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பாலிகஞ்சில் தன் வீட்டு முன்னறையில் குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்தார். 'தி' என்றால் இங்கே அக்கா, 'பௌதி' என்றால் அண்ணி. என் கணவரின் வேலை மாற்றலால் ஊரைவிட்டு வந்த எனக்கு அது 'தீ' என்றுதான் காதில் விழுந்தது. கடைசிவரை நான் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

முத்துவுக்கு அப்போது நான்கு வயது. ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பேச்சு இல்லை. வாயிலிருந்து வாணி ஓயாமல் வடியும். காலையில் போட்ட சட்டை சாப்பிட்டு முடிப்பதற்குள் நெஞ்சுவரை நனைந்துவிடும். தாடையெல்லாம் சிவந்து புண்ணாகிக் கிடக்கும். பல் முளைக்கும் குழந்தைக்கு வடிந்தால் கொஞ்சுகிற அதே மனிதர்கள், நான்கு வயதுப் பிள்ளைக்கு வடிந்தால் லிஃப்டில் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள்.

எங்கள் ஊர் திருநெல்வேலி. இந்த விவரம் முக்கியம். நானும் முத்துவும் படியிறங்கும்போதெல்லாம் கீழ்வீட்டு பௌதி, "ஓமா, லாலா எஷேச்சே!" என்பார். லாலா வந்துவிட்டான் என்று அர்த்தம். அவர் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். வங்காளத்தில் எல்லாக் குழந்தைக்கும் ஒரு செல்லப் பெயர் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். திருநெல்வேலிக்காரிக்கு லாலா என்றால் அல்வாக் கடை. வேறென்ன தோன்றும்? உச்சி குளிர்ந்து போனேன். அம்மாவுக்கு போன் போட்டு, "இங்க எல்லாரும் அவன லாலான்னுதாம்மா கூப்பிடுதாங்க. நம்ம ஊரு கட இங்க வரைக்கும் தெரிஞ்சிருக்கு பாரேன்" என்று பீற்றிக்கொண்டேன். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். முத்து என்றால் திரும்பிப் பார்க்காத பிள்ளை, லாலா என்றால் திரும்பினான்.

வசந்தா-தியிடம் முதன்முதலாகப் போனபோது, "வீட்ல என்ன சொல்லிக் கூப்பிடறீங்க?" என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"யாரு வெச்ச பேரு இது?"

"கீழ்வீட்டு பௌதி."

"உனக்கு பெங்காலி வராதா? லாலான்னா வாயில வடியற எச்சில்மா. வாணி."

என் பிள்ளையை நானே அத்தனை மாதம் எச்சில் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வசந்தா-தி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "நல்லா அழுதுக்கோ. ஆனா நாளைக்கு வரும்போது கோவத்தோட வா. எனக்குக் கோவக்கார அம்மாங்கதான் வேணும். அவங்கதான் பாதியில விடமாட்டாங்க" என்றார்.

மறுநாள் கோபத்தோடு போனேன். முதல் திட்டு எனக்குத்தான் விழுந்தது. முத்துவின் வாயை நான் துண்டால் இழுத்துத் துடைத்ததைப் பார்த்துவிட்டார். "உன் மூஞ்சியில யாராவது சொல்லாம கொள்ளாம துணியைப் போட்டுத் தேச்சா சும்மா இருப்பியா? அவன்கிட்ட சொல்லிட்டு, மெதுவா ஒத்தி எடு." மூக்கு அடைத்திருக்கிறதா, உள்நாக்குப் பக்கம் வீக்கம் ஏதும் உண்டா என்று பார்த்துவர டாக்டரிடம் அனுப்பினார். மூக்கால் மூச்சுவிட முடியாதவன் வாயை எப்படி மூடுவான் என்று கேட்டார். கால் தரையில் படும்படி நாற்காலி, நிமிர்ந்த முதுகு, குழலில் உறிஞ்சிக் குடிக்கப் பழக்குவது என்று ஒவ்வொன்றாக வந்தது. "எச்சில் எல்லாருக்கும்தான் ஊறுது. நாம முழுங்கிடறோம். இவனுக்கு முழுங்கணும்னு தோணலை, நனைஞ்சதும் தெரியலை. இதுல அசிங்கம் எங்கே இருக்கு?" என்பார்.

பெயர்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. அந்த அசிங்கமான பெயருக்கு மட்டும்தான் பிள்ளை திரும்புகிறான். அதையும் பிடுங்கிவிட்டால் அவனை எப்படிக் கூப்பிடுவது? வசந்தா-தி என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, லாலா என்று சொல்லச் சொன்னார். பிறகு முத்து என்று சொல்லச் சொன்னார். "பாத்தியா? லாலா சொல்ல வாயை மூடவே வேண்டாம். முத்து சொல்லணும்னா உதட்டை மூடியே ஆகணும். இவனுக்கு வேண்டிய பயிற்சி இவன் பேர்லயே இருக்கு. அதை விட்டுட்டு அவ வெச்ச பேரைத் தூக்கிண்டு அலையறே." அன்றிலிருந்து உதட்டை அழுத்தி 'ம்' என்பதுதான் எங்கள் வேலை. சாப்பாட்டுக்கு முன் 'ம்', ஊஞ்சலுக்கு முன் 'ம்'. எரிச்சலில் அவன் என்னைக் கடித்த நாட்கள் உண்டு. ஒரு மழைக்காலம் முழுக்கப் போனபின் ஒரு மத்தியானம், தன் நெஞ்சில் கையை வைத்து, "மு...து" என்றான். வசந்தா-தி அவனுக்குக் கை கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, அடுத்தது உன் கீழ்வீட்டுக்காரி" என்றார்.

அந்த வருஷ துர்கா பூஜை முடிந்து, பிஜோயா என்று வீடு வீடாக இனிப்பு கொடுக்கும் நாளில் வசந்தா-தி எங்கள் காலனிக்கு வந்தார். கீழே மைதானத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். கர்ப்பிணி ஆசைப்பட்டதைத் தின்னக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு எச்சில் வடியும் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. அதற்காகவே 'ஷாத்' என்று விருந்து போடுவார்கள், நம் வளைகாப்பு மாதிரி. பௌதி வெற்றிலையை மென்றபடி முத்துவின் ஈரச் சட்டையைக் காட்டி, "பாவம், இவளுக்கு யாரும் ஷாத் போடவில்லை போலிருக்கிறது" என்று வங்காளியில் சொல்லிச் சிரித்தார். எனக்கு அதற்குள் அந்த அளவு வங்காளி புரிந்தது. என் வளைகாப்புக்கு அம்மா செய்து அடுக்கிய கட்டுச்சோறு வகைகள் கண்முன் வந்து வயிறு எரிந்தது.

வசந்தா-தி குரலில் கோபத்தைக் காட்டவே இல்லை. பௌதியின் வாயோரத்தில் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்த வெற்றிலைச் சாற்றைப் பார்த்து, மைதானத்துக்கே கேட்கும்படி நல்ல வங்காளியில் கேட்டார்: "உங்கள் அம்மாவுக்கு ஷாத்தில் யாரும் வெற்றிலை கொடுக்கவில்லையா? இந்த வயதிலும் உங்களுக்கு வடிகிறதே!"

முதலில் சிரித்தது பௌதியின் கணவர். பிறகு மைதானமே சிரித்தது. வெற்றிலைத் துப்பலுக்கு வங்காளியில் 'பிக்' என்று பெயர். காலனிப் பிள்ளைகள் அன்றே அவருக்கு பிக்-பௌதி என்று செல்லப் பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் அந்தப் பெயர் போகவில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வாய் காபி குடித்த திருப்தி. இதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று நினைப்பவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

என் கணவர் அப்படி நினைத்தவர்தான். "போதும் விடு, மன்னிச்சிரு. ஒரே பில்டிங்ல இருக்கோம்" என்றார். வசந்தா-தியிடம் இதைச் சொன்னேன். "பேச்சு வாங்கினது யாரு? நீயா? மன்னிக்கிறது முத்து பாடு. உனக்கு அதுல வேலை இல்லை" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நினைவுக் கூட்டம் நடந்தது. முத்துவையும் கூட்டிப்போனேன். இப்போது என் தோள்வரை வளர்ந்துவிட்டான். முன்பு மாதிரி வடிவதில்லை. ஆனால் கூட்டம், சத்தம் என்றால் உதடு திறந்துகொள்கிறது, வடிகிறது. முழுக்க நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வெள்ளைப் புடவையில் வந்திருந்த பௌதி மைக்கைப் பிடித்து, வசந்தா-தி தனக்குச் சொந்த அக்கா மாதிரி என்றார். குழந்தைகளைப் புரிந்துகொள்ளத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்றார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "பழையதை மனதில் வைத்துக்கொள்ளாதே" என்று அழுதார். ஒரு நிமிடம் எனக்கும் மனம் இளகியது. ஆனாலும், "அவனிடம் கேளுங்கள்" என்றேன்.

பௌதி குனிந்து முத்துவின் கன்னத்தைத் தொட்டார். "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்டார். அவன் உதட்டை அழுத்தி மூடி, "முத்து" என்றான். சொல்லி முடித்ததும் வாய் திறந்தது. ஒரு சொட்டு அவர் விரலில் விழுந்தது. சூடு பட்டதுபோல் கையை உதறிப் பின்வாங்கினார். அந்த வெள்ளைப் புடவையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

முத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் புரிகிறது என்று வசந்தா-தி என்னிடம் எப்போதும் சொல்வார். பயிற்சிகளை இனி வேறு யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். அவருடைய அந்தக் கோபத்தை மட்டும் எனக்கென்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மன்னிக்கலாமா வேண்டாமா என்று என் பிள்ளை தன் வாயால் சொல்கிற நாள்வரை, அதை நான் ஆறவிடப்போவதில்லை.